தனிநபர் வாசிப்புப் பயிற்சி

தனிநபர் வாசிப்புப் பயிற்சி என்பது, வகுப்பில் பிறருடன் சேர்ந்து வாசிக்கக் கற்றுக்கொள்ள இயலாமல் பின்தங்கும் ஒரு மாணவருக்கு, ஒரு பயிற்றுநர் நேருக்கு நேர் அமர்ந்து, குறிப்பிட்ட கால அளவிற்கு அன்றாடம் அளிக்கும் பயிற்சியாகும். மேலைநாடுகளில் இது பெரும்பாலும் பல்கலைக்கழகங்களின் உளவியல் அல்லது கல்வியியல் துறைகளோடு இணைந்த வாசிப்பு உதவி மையங்களில் உருவானது. இம்மையங்களில் பிள்ளைக்குப் பயிற்சி கிடைக்கிறது. ஆசிரியப் பயிற்சி மாணவருக்கு அனுபவம் கிடைக்கிறது. துறைக்கு ஆய்வுத் தரவு கிடைக்கிறது. தமிழகத்தில் இப்பணி பெற்றோர் அமைப்புகள், மாநகராட்சிப் பள்ளிகள், அரசுத் திட்டங்கள், தன்னார்வலர்கள் ஆகியோர் வழியாகவே மிகுதியும் வளர்ந்தது. இக்கட்டுரை இம்முறையின் வரலாறு, நடைமுறை, தமிழ் எழுத்துமுறை எழுப்பும் தனிச் சிக்கல்கள், வட சென்னைத் துறைமுக, தொழிற்பகுதிகளில் அதன் தேவை ஆகியவற்றை விளக்குகிறது.

யாருக்கு இப்பயிற்சி?

வாசிக்க இடர்ப்படும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே காரணத்தால் இடர்ப்படுவதில்லை. 1986 ஆம் ஆண்டு கஃப், டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய வாய்பாட்டை முன்வைத்தனர். அதன்படி வாசிப்புத் திறன் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் ஆகிய இரண்டின் பெருக்கற்பலன். கூட்டலன்று, பெருக்கல் என்பதே இங்கு முதன்மையானது. இரண்டில் ஒன்று சுழியமானால் மொத்தமும் சுழியமாகிவிடும். கதையைக் காதால் கேட்டால் நன்கு புரிந்துகொள்ளும் ஒரு சிறுவன், அதே கதையை அச்சில் கண்டால் விழிக்கலாம். வேறொரு சிறுமி எழுத்துகளைத் தடையின்றி ஒலித்துவிட்டு, என்ன படித்தாய் என்று கேட்டால் மௌனமாக நிற்கலாம். இருவருக்கும் ஒரே பயிற்சி உதவாது.

எழுத்தை ஒலியாக்குவதில் நீடித்த இடர் இருந்து, அறிவுத்திறன், பார்வை, செவிப்புலன், போதிய கற்பித்தல் ஆகியவற்றில் குறை இல்லாதபோது அது டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) எனப்படுகிறது. 2007 இல் வெளியான ‘தாரே ஜமீன் பர்’ என்ற இந்தித் திரைப்படத்திற்குப் பின்னரே இச்சொல் நம் நாட்டில் பரவலாக அறியப்பட்டது. ஆயினும் பின்தங்கும் பிள்ளைகளில் பெரும் பகுதியினர் டிஸ்லெக்சியா உடையவர்கள் அல்லர். பள்ளிக்கு ஒழுங்காக வர இயலாமை, வீட்டுமொழி வேறாக இருத்தல், கண்பார்வைக் குறை, முதலிரு வகுப்புகளில் போதிய கவனம் கிடைக்காமை போன்றவை அவர்களைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. தனிநபர் பயிற்சி இவ்விரு வகையினருக்கும் உரியது.

வரலாறு

ஒருவர்க்கு ஒருவர் கற்பிக்கும் முறை தமிழகத்திற்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்ற ஒன்று இல்லை. மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் அரிச்சுவடியைக் கடந்து சென்றனர். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்க்குச் சொல்லிக்கொடுத்தான். 1822 இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளின் விவரம் கேட்டார். 1826 ஆம் ஆண்டு அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. சென்னை நகரில் வீட்டிலேயே பாடம் கற்ற பிள்ளைகள் ஏறத்தாழ 26,900 பேர் என்றும், இது பள்ளி சென்றோரைப் போல் ஐந்து மடங்கு என்றும் ஆட்சியரின் அறிக்கை கூறியது. இவ்வெண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே ஐயுற்றார். எண் எவ்வாறாயினும், வீட்டில் தனியே கற்கும் வழக்கம் நகரில் பரவியிருந்தது என்பது தெளிவு. அது வசதியுள்ள குடும்பங்களின் வழக்கம் என்பதையும் மறக்கலாகாது.

இதற்கு முன்பே சென்னையிலிருந்து ஒரு கல்விமுறை உலகெங்கும் சென்றிருந்தது. 1789 இல் எழும்பூரில் இருந்த படைவீரர் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியில் புகுத்த ஆசிரியர்கள் இணங்காதபோது, ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் வெற்றிகரமாக நடத்தினான். 1797 இல் இலண்டனில் பெல் வெளியிட்ட நூலால் இது ‘சென்னை முறை’ எனப் பெயர்பெற்று, இங்கிலாந்தின் பல்லாயிரம் ஏழைப் பள்ளிகளில் பின்பற்றப்பட்டது. நன்கு கற்றவனையும் கற்காதவனையும் இணையாக அமர்த்துவது அம்முறையின் கூறுகளில் ஒன்று. மணலும் சட்டாம்பிள்ளையும் தமிழகத்தினுடையவை. புகழ் பெல்லுக்குச் சென்றது.

பல்கலைக்கழக மையங்களின் வரலாறு 1896 இல் தொடங்குகிறது. அவ்வாண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் உலகின் முதல் உளவியல் உதவி மையத்தைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டல் வராத 14 வயதுச் சிறுவன் ஒருவனை அவனுடைய ஆசிரியை அழைத்து வந்ததே முதல் நேர்வு. சோதித்தபோது அவனுக்குப் பார்வைக் குறை இருந்தது தெரியவந்தது. கண்ணாடி அணிவித்து, பின்னர் தனிப்பயிற்சி அளித்தனர். அதே 1896 இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன், கூர்த்த அறிவிருந்தும் வாசிக்க இயலாத, அதே 14 வயதுடைய மற்றொரு சிறுவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். டிஸ்லெக்சியா பற்றிய தொடக்க காலப் பதிவுகளில் அது குறிப்பிடத்தக்கது. முதற் சிறுவனுக்குக் கண்ணாடி தேவைப்பட்டது, இரண்டாமவனுக்கு அது பயன்படாது என்ற வேறுபாடு இன்றும் இத்துறையின் முதற் பாடமாக உள்ளது.

1921 இல் கிரேஸ் ஃபெர்னால்ட் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இலாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஒரு மையப் பள்ளியைத் தொடங்கினார். அவர் முறையில் பயிற்றுநர் ஒரு சொல்லைப் பெரிதாக எழுதித் தருவார். பிள்ளை அதன்மீது விரலை நகர்த்திக்கொண்டே உரக்க ஒலிக்கும். பிறகு பாராமல் எழுதும். ஏடு தொடங்கும் நாளில் தட்டில் பரப்பிய அரிசியிலோ மணலிலோ பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கும் நம் வழக்கத்தை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. சாமுவேல் ஆர்ட்டன், ஆனா கில்லிங்ஹாம் ஆகியோர் 1930களில் வகுத்த முறையோ ஒலியிலிருந்து எழுத்து, எழுத்திலிருந்து அசை, அசையிலிருந்து சொல் எனப் படிப்படியாகச் செல்வது. இன்று டிஸ்லெக்சியாவிற்கு உலகெங்கும் அளிக்கப்படும் பயிற்சிகள் பல இதன் வழிவந்தவையே.

நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கிளே 1970களின் பிற்பகுதியில் உருவாக்கிய ‘வாசிப்பு மீட்பு’த் திட்டம், ஆறு வயதளவில் வகுப்பில் மிகவும் பின்தங்கியவர்களைத் தேர்ந்து, நாள்தோறும் 30 நிமிடம் வீதம் 12 முதல் 20 வாரங்கள் தனித்துக் கற்பித்தது. தனிநபர் பயிற்சி பள்ளிக்குள் ஒரு நிலையான ஏற்பாடாக நுழைந்தது இதனால்தான் எனலாம்.

ஓர் அமர்வு

பயிற்சி தொடங்குமுன் கண், காது இரண்டையும் சோதித்தல் வேண்டும். அடுத்து பிள்ளை எவ்வெழுத்துகளை அறியும், எவற்றை அறியாது என்பது பட்டியலிடப்படும். இந்தியாவில் பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ‘அசர்’ ஆய்வில் பயன்படும் ஒற்றைத்தாள் சோதனை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை ஆகியவை மட்டுமே உண்டு. ஒரு பிள்ளையைச் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும். எளிமையானதேயாயினும், ஒரு பிள்ளை தனியே ஒருவர் முன் அமர்ந்து வாசிப்பது பல வேளைகளில் அன்றுதான் முதன்முறையாக நிகழ்கிறது. வகுப்பில் எல்லோரும் ஒருமித்துக் குரல் எழுப்பும்போது வாயசைத்துத் தப்பிவிட முடியும்.

அமர்வு பொதுவாக 30 முதல் 45 நிமிடங்கள் நீடிக்கும். முன்னாள் படித்த சிறு பகுதியைப் பிள்ளை மீண்டும் வாசிப்பதில் தொடங்குவது நல்லது. தெரிந்ததை வாசிக்கும்போது அச்சம் குறையும். பயிற்றுநர் அதைக் கேட்டுக்கொண்டே ஒரு தாளில் சரியான சொல்லுக்கு ஒரு குறியிட்டு, பிழையாக வாசித்த சொல்லுக்கு நேரே பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுவார். மேரி கிளே வகுத்த இப்பதிவுமுறையில், நூறு சொற்களில் பத்துக்கு மேல் பிழை வந்தால் அப்பகுதி அப்பிள்ளைக்குக் கடினமானது. எளியதற்கு மாற வேண்டும். பின்னர் ஒலி விளையாட்டு, அன்றைய புதிய எழுத்து அல்லது குறி, மணலிலோ பலகையிலோ எழுதுதல், அவ்வெழுத்து வரும் சொற்கள், இறுதியில் அவற்றைக் கொண்ட ஓரிரு தொடர்கள் என அமர்வு நகரும்.

பிழையின் எண்ணிக்கையைவிடப் பிழையின் வகையே பயிற்றுநர்க்குப் பயன்படுவது. ‘பால்’ என்பதைப் ‘பல்’ என்று வாசிக்கும் பிள்ளை நெடில் குறியைக் கவனிக்கவில்லை. ‘பால்’ என்பதைத் ‘தயிர்’ என்று வாசிக்கும் பிள்ளை எழுத்தையே பார்க்கவில்லை. படத்தைப் பார்த்து ஊகிக்கிறது. இரண்டாவது பிழையை ‘பொருள் புரிகிறது’ என்று பாராட்டி விட்டுவிடும் பயிற்றுநர் பிள்ளைக்குத் தீங்கே செய்கிறார்.

தமிழ் எழுத்துமுறையும் வாசிப்பும்

ஆங்கிலத்திற்கென வகுத்த பயிற்சியை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர இயலாது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகளே உண்டு, ஆனால் எழுத்துக்கும் ஒலிக்குமான தொடர்பு ஒழுங்கற்றது. தமிழில் தொடர்பு ஓரளவு ஒழுங்கானது, ஆனால் எழுத்துகள் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கன்னடப் பிள்ளைகளிடையே சோனாலி நாக் நடத்திய ஆய்வு, அசை சார்ந்த இந்திய எழுத்துமுறைகளில் எழுத்துகளை முழுதும் கற்றுத் தேற மூன்று, நான்கு ஆண்டுகள்கூட ஆவதைக் காட்டியது. ஆகவே இரண்டாம் வகுப்பில் சில உயிர்மெய்களில் தடுமாறும் தமிழ்ப் பிள்ளையை உடனே குறைபாடுடையது என்று முடிவு கட்டுவது தவறு.

தமிழ் வாசிப்பில் தடுமாற்றம் எங்கு நேர்கிறது என்பதைச் சற்று விரிவாகக் காணலாம். முதலாவது, குறிகளின் இடம். ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னே நிற்கிறது. ஒலிப்பிலோ மெய்தான் முன்னே வருகிறது. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில் குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. ‘கொக்கு’ என்ற சொல்லைக் கண்ட பிள்ளை ‘கெ’ என்று தொடங்கி, துணைக்காலைக் கண்டு திகைத்து நிற்பது பயிற்றுநர்கள் அடிக்கடி காணும் காட்சி. கண்ணை வலமாக நகர்த்தி முழுக்குறியையும் பார்த்த பின்னரே வாயைத் திறக்க வேண்டும் என்பது பெரியவர்களுக்குப் பழக்கமாகிவிட்டதால் நாம் அதை ஒரு திறனாக எண்ணுவதில்லை.

இரண்டாவது, வடிவ ஒற்றுமை. துணைக்காலும் ‘ர’ என்ற எழுத்தும் கீழேயுள்ள சிறு சாய்கோட்டால் மட்டுமே வேறுபடுகின்றன. ‘கௌ’ என்பதும் ‘கெள’ என்பதும் அச்சில் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். புள்ளி மிகச் சிறியது, ஆனால் அது மறைந்தால் சொல்லே மாறிவிடும். மூன்றாவது, உகர ஊகார வரிசை. கு, து, பு, மு, கூ, சூ, தூ, பூ என ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம் கொள்வதால் இங்கு விதி உதவாது, மனப்பாடமே வழி. 1978 ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளை ஒழுங்காக்கியது. உகர வரிசையை அது தொடவில்லை.

நான்காவது, ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள். ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ ஆகிய மூன்றிலும் ககரம் வெவ்வேறாக ஒலிக்கும். தமிழ்ச் சொற்களில் இது இடத்தைப் பொறுத்து அமைவதால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளை இயல்பாகவே பிடித்துக்கொள்ளும். பிறமொழிச் சொற்களில் அந்த ஒழுங்கு உடைகிறது. ‘பேசின் பிரிட்ஜ்’ என்ற நிலையப் பெயர்ப்பலகையைப் ‘பேசுதல்’, ‘பிரிதல்’ என்ற சொற்களின் பகர ஒலியோடு வாசிக்கும் பிள்ளை எழுத்தை மிகச் சரியாகவே வாசிக்கிறது.

பேச்சு வழக்கும் எழுத்தும்

தமிழ் இரட்டை வழக்குடைய மொழி. எந்தத் தமிழ்ப் பிள்ளையும் ‘வந்துவிட்டது’ என்று வீட்டில் பேசுவதில்லை. ஆயினும் சில வட்டாரங்களில் பேச்சுக்கும் பாடநூலுக்கும் உள்ள தொலைவு கூடுதலாக இருக்கிறது. வட சென்னை அத்தகைய பகுதி. ‘இழுத்துக்கொண்டு’ என்பது இங்கே ‘இஸ்துகினு’. ‘வாழைப்பழம்’ என்பது ‘வாயப்பயம்’. ‘கிழவி’ என்பது ‘கெய்வி’. காசிமேட்டுச் சிறுவன் ஒருவன் புத்தகத்தில் ‘வாழைப்பழம்’ என்றிருப்பதை ‘வாயப்பயம்’ என்று வாசித்தால் அவன் சொல்லை அறிந்துகொண்டான் என்பதே பொருள். எழுத்தை ஒலியாக்கும் பணியும் பொருளறியும் பணியும் அங்கு முடிந்துவிட்டன. அதைப் பிழையெனக் குறித்தால் பதிவுத்தாளில் அவன் இருப்பதைவிடப் பின்தங்கியவனாகத் தோன்றுவான். ழகர உச்சரிப்பைத் திருத்த வேறு நேரம் உண்டு.

இதனோடு வீட்டுமொழி வேறுபாடும் சேர்கிறது. இராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் தெலுங்கும் உருதும் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளை நாடி வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இப்போது தமிழ்வழி வகுப்புகளில் அமர்கின்றனர். இவர்களுக்குத் தேவைப்படுவது முதலில் தமிழ்ப் பேச்சு, பின்னரே எழுத்து.

சென்னையில் இம்முயற்சிகள்

டிஸ்லெக்சியாவிற்கான ஒழுங்கமைந்த பணியைச் சென்னையில் 1990களின் தொடக்கத்தில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் மேற்கொண்டது. பெற்றோர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து உருவாக்கிய இவ்வமைப்பு மதிப்பீடு, தனிப்பயிற்சி, ஆசிரியர் பயிற்சி ஆகியவற்றை நடத்துகிறது. இதன் ‘அனன்யா’ மையத்தில் பிள்ளைகள் சிறிது காலம் முழுநேரமாகப் பயின்று, பின்னர்த் தம் பழைய பள்ளிகளுக்கே திரும்புகின்றனர். பல்கலைக்கழக மையங்களின் இலக்கணத்தோடு சென்னையில் மிகவும் நெருங்குவது இதுவே. எனினும் நகரின் தென், நடுப் பகுதிகளிலுள்ள ஆங்கிலவழிக் குடும்பங்களே இத்தகைய பயிற்சியை முதலில் நாடின என்பதும் உண்மை.

அரசுப் பள்ளிகளின் பக்கம் மாற்றம் வேறு வழியில் வந்தது. 2003 இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமார் இதற்கு முன்னின்றார். ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் முறை முன்மாதிரியானது. பாடங்கள் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, சுவரில் தொங்கிய ‘ஏணி’யில் ஒவ்வொரு பிள்ளையும் தன் படியைத் தானே கண்டு முன்னேறியது. விடுப்பெடுத்த பிள்ளை திரும்பி வந்ததும் விட்ட படியிலேயே தொடரலாம். கரும்பலகை பிள்ளைகளின் உயரத்திற்கு இறங்கியது. பின்னர் இது மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்திற்கும், 2007 - 2008 அளவில் மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. திண்ணைப் பள்ளியின் தனித்தனி வேகம் இருநூறு ஆண்டு கழித்து அட்டை வடிவில் திரும்பியது என்றுகூடச் சொல்லலாம். ஆயினும் ஓராசிரியர் நாற்பது ஏணிகளைக் கண்காணிப்பது எளிதன்று. அட்டைகள் கிழிந்தால் மாற்று வரத் தாமதமாயிற்று என்ற குறையும் எழுந்தது.

கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட பின்னர், 2021 அக்டோபரில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. ஏறத்தாழ 2 இலட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வேளைகளில் தம் தெருப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் இழப்பின் மூன்றில் இரு பங்கு மீட்கப்பட்டதையும், அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இத்திட்டத்தால் நேர்ந்ததையும் காட்டியது. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், வகுப்பைக் கருதாமல் திறனைக் கருதிப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்தது. இவை தனிநபர் பயிற்சிகள் அல்ல. சிறு குழுப் பயிற்சிகள். ஆனால் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குதல் என்ற கொள்கை ஒன்றே.

வட சென்னையின் சூழல்

தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை நிலையம் 1856 இல் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. துறைமுகம், இருப்புப்பாதை, பின்னர் ஆலைகள் என உழைப்பாளர் நகரமாகவே இப்பகுதி வளர்ந்தது. திருவொற்றியூரும் எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் 2011 இல்தான் சென்னை மாநகராட்சியோடு இணைந்தன.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடியுமுன்னரே தொடங்கிவிடும். மீன் விற்கும் தாயும் கடலுக்குச் சென்ற தந்தையும் காலையில் வீட்டில் இருப்பதில்லை. மூத்த பிள்ளையே இளையவர்களைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஆலைகளில் முறைப்பணி செய்வோர் வீடுகளிலும் ஏறத்தாழ இதே நிலை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் மீனவக் குடும்பங்கள் பல எர்ணாவூர்ப் பகுதியில் குடியமர்த்தப்பட்டபோது பிள்ளைகள் பள்ளி மாறினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாத இறுதியில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீடுகளைவிட்டு வெளியேற நேர்ந்தது. வாசிக்கப் பழகும் ஆண்டுகளில் இத்தகைய இடைவெளிகள் பெரியவை. ஒரு மாதம் வராத ஐந்தாம் வகுப்பு மாணவர் பாடத்தை இழக்கிறார். ஒரு மாதம் வராத முதல் வகுப்புப் பிள்ளை ஓர் உயிர்மெய் வரிசையையே இழக்கிறது. அதன்பின் வரும் ஒவ்வொரு சொல்லிலும் அந்த ஓட்டை இருக்கும்.

சுற்றுச்சூழலும் கருதத்தக்கது. 2009 இல் வெளியான ஓர் ஆய்வு, சென்னையில் 3 முதல் 7 வயதுடைய 756 பிள்ளைகளின் குருதியில் ஈயத்தின் சராசரி அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம் எனக் கண்டது. அளவு கூடிய பிள்ளைகளிடம் கவனச் சிதறல், பதற்றம் ஆகியவற்றின் மதிப்பெண்களும் கூடியிருந்தன. இது வாசிப்பை நேரடியாக அளந்த ஆய்வன்று. ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டில் 2000 இல் நிறுத்தப்பட்டும் விட்டது. எனினும் ‘இந்தப் பிள்ளைக்குக் கவனமே இல்லை’ என்று கூறுமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

அசர் ஆய்வு கிராமப்புறங்களை மட்டுமே அளப்பது. 2022 இல் தமிழகக் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்பினருள் 25.2 விழுக்காட்டினரே இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தனர் என்று அது கூறியது. 2024 அறிக்கையில் இந்நிலை மேம்பட்டிருந்தது. நகரம் அதன் எல்லைக்கு வெளியே இருப்பதால் இராயபுரத்துப் பிள்ளை அந்த எண்ணில் இல்லை.

சட்டமும் சான்றிதழும்

2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் கற்பித்தலை வழங்குவதை ஆசிரியரின் கடமையாக 24 ஆம் பிரிவில் வைத்துள்ளது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகை இயலாமைகளுள் ஒன்றாக ஏற்றது. சான்றிதழ் உள்ள மாணவர்க்குத் தமிழகப் பொதுத்தேர்வுகளில் கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர் ஆகிய சலுகைகள் உண்டு.

சான்றிதழ் பெறும் வழி எளிதன்று. 2018 இல் வெளியான வழிகாட்டுதலின்படி எட்டு வயது நிரம்பிய பின்னரே சான்றிதழ் வழங்கப்பட்டது. 14, 18 வயதுகளில் மீண்டும் சோதிக்க வேண்டியிருந்தது. அதன்படி முதலில் நுண்ணறிவு ஈவு 85க்கு மேல் உள்ளதா என்று கண்டனர். பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் உருவாக்கியது போன்ற சோதனைத் தொகுதி பயன்படும். இதற்குப் பல நாள் அலைய வேண்டியிருக்கும். மக்கள் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றழைக்கும் ஸ்டான்லி மருத்துவமனையே வட சென்னைக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை. அங்கு ஒரு நாள் வரிசையில் நிற்பது நாட்கூலிக் குடும்பத்திற்கு ஒரு நாள் வருமானம். பிள்ளையின் இடரைச் சோம்பல் என்றே பள்ளியும் வீடும் எண்ணியிருந்தால் அந்தப் பயணம் தொடங்குவதே இல்லை. தமிழகத்தில் எட்டாம் வகுப்புவரை நிறுத்திவைத்தல் இல்லாததால், வாசிக்க இயலாமை ஒன்பதாம் வகுப்பில்தான் வெளிப்படையான சிக்கலாகிறது. அப்போது தொடங்கும் பயிற்சியும் பயனளிக்கும். ஆனால் 14 வயதுப் பையனை முதல் வகுப்புப் புத்தகத்தின் முன் அமரச் செய்வது கடினம். பேருந்துப் பலகை, விளையாட்டுச் செய்தி, படகுப் பெயர் போன்றவற்றைப் பாடமாக்கினால் அவனுடைய கூச்சம் குறையும்.

பயனும் விமர்சனங்களும்

1984 இல் பெஞ்சமின் புளூம், தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர் வகுப்பில் கற்ற 98 விழுக்காட்டினரை விஞ்சுவார் என்று எழுதினார். இது பலராலும் மேற்கோள் காட்டப்படுகிறது, ஆனால் மிகையானது. 2020 இல் 96 ஆய்வுகளைத் தொகுத்த நிக்கோவ் முதலியோர் கண்ட சராசரிப் பயன் 0.37 திட்ட விலக்கமே. இதுவும் கல்வித் திட்டங்களுள் பெரிய அளவே ஆகும். பயிற்சி அடிக்கடி நடந்தால், பள்ளி நேரத்திலேயே நடந்தால், பயிற்றுநர் முறையாகப் பழக்கப்பட்டிருந்தால் பயன் கூடுகிறது.

‘வாசிப்பு மீட்பு’ பற்றிய பின்னாள் ஆய்வு எச்சரிக்கையானது. முதல் வகுப்பின் இறுதியில் பெரும் முன்னேற்றம் காட்டிய அதே பிள்ளைகள், மூன்றாம், நான்காம் வகுப்புகளில் ஒத்த நிலையிலிருந்து பயிற்சி பெறாத பிள்ளைகளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றதாக ஹென்றி மே குழுவினர் 2022 இல் அறிவித்தனர். படத்தையும் சூழலையும் கொண்டு சொல்லை ஊகிக்கப் பழக்கியதே காரணம் என்பது விமர்சகர்களின் கருத்து. திட்டத்தின் ஆதரவாளர்கள் இதை ஏற்பதில்லை.

செலவு மற்றொரு தடை. நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஒரு முழுநேரப் பயிற்றுநர் எட்டுப் பிள்ளைகளைக் காணலாம். ஒரு சுற்று 15 வாரம் எனில் ஆண்டுக்கு இரு சுற்று, அதாவது 16 பிள்ளைகள். அதனால்தான் 2001 - 2003 இல் மும்பையிலும் வதோதராவிலும் பிரதம் நடத்திய ‘பால்சகி’ போன்ற திட்டங்கள் பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளை உள்ளூர்ப் பெண் ஒருவரிடம் நாளுக்கு இரு மணி நேரம் ஒப்படைத்தன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோரின் மதிப்பீடு இதில் மிகவும் பின்தங்கியவர்களே மிகுந்த பயன் பெற்றதாகக் காட்டியது. குழுவிலும் தேறாத சிலர் எப்போதும் எஞ்சுவர். தனிநபர் பயிற்சியை அவர்களுக்கென ஒதுக்குவதும், மற்றவர்களைச் சிறு குழுக்களில் பயிற்றுவிப்பதும் இன்று பல நாடுகளில் பின்பற்றப்படும் ஏற்பாடாகும்.